முப்பரிமாண மாதிரிகளைக் கொண்டு தொல்லியல் கற்பித்தல்: முழுமையான வழிகாட்டி

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பானையின் அடியைப் பார்வையாளர் யாரும் பார்ப்பதில்லை. அதே பானை ஒரு தொல்லியலாளர் கைக்கு வந்தால் அவர் உடனே கவிழ்த்துப் பார்ப்பது அடியைத்தான். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த தடம் அங்கே இருக்கும். தரையில் வைத்து எடுத்துத் தேய்ந்த வளையம் இருக்கும். கரி படிந்த விதத்தைப் பார்த்தே, பானை நெருப்புக்கு மேலே உயர்த்தி வைக்கப்பட்டதா, தணலுக்குள்ளேயே அமர்ந்திருந்ததா என்று ஊகிக்கலாம். தணலில் அமர்ந்த பானைக்கு அடியிலுள்ள கரி எரிந்துபோய் வெளிர்நிறத் திட்டு தெரியும். கரி அதைச் சுற்றித்தான் நிற்கும்.

முப்பரிமாண மாதிரி மாணவருக்குத் தருவது இப்படிக் கவிழ்த்துப் பார்க்கும் வாய்ப்பை. ஆனால் பல வகுப்புகளில் நடப்பது வேறு. ஆசிரியர் பெரிய திரையில் மாதிரியைச் சுழற்றுகிறார், மாணவர்கள் வியக்கிறார்கள், அடுத்த பொருளுக்குப் போகிறார்கள். நகரும் படம் பார்த்ததாக மட்டுமே அது முடிகிறது. மாதிரியைச் சுழற்றும் கை மாணவருடையதாக இருக்க வேண்டும். அப்படிச் சுழற்ற அவருக்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: பொருளைத் தேடுவதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

அழகான மாதிரி ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக அதை வைத்துப் பாடம் அமைக்காதீர்கள். மாணவர் எதைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிதான் பொருளைத் தேர்ந்தெடுக்கும்.

‘இந்தக் கல் உடைந்ததா, உடைக்கப்பட்டதா?’ என்பது உங்கள் கேள்வி என்றால் கற்கால மனிதர் கல்லைச் செதுக்கிச் செய்த ஆயுதமான கைக்கோடரியை எடுங்கள். மனிதர் அடித்துப் பெயர்த்த ஒவ்வொரு சில்லும் ஒரு பள்ளத்தை விட்டுச் செல்கிறது. பின்னால் விழுந்த அடி, முன்னால் விழுந்த பள்ளத்தின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகும். ஆகவே எந்தப் பள்ளம் முழுமையாக இருக்கிறது, எது வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே அடிகளின் வரிசை ஓரளவு தெரிந்துவிடும். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எந்தப் பக்கத்தை முதலில் செதுக்கினார், எங்கே கல்லைத் திருப்பிப் பிடித்தார் என்பதை ஒரு பள்ளி மாணவரால் படித்தெடுக்க முடிகிறது. தொல்லியல் சிந்தனைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

‘ஒரு துண்டிலிருந்து முழுப் பாத்திரத்தை எப்படி அறிவது?’ என்பது கேள்வியானால் வாய்விளிம்புள்ள பானை ஓடு (உடைந்த துண்டு) வேண்டும். ‘எழுத்தைப் படிக்க ஒளி எப்படி உதவுகிறது?’ என்றால் களிமண் பலகையோ தேய்ந்த நாணயமோ வேண்டும். மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்து (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்திப் பதித்த பண்டைய எழுத்து) முன்பக்கத்தோடு நிற்பதில்லை. விளிம்புகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகும். தட்டையான புகைப்படத்தில் தொலைந்துபோகும் அந்த ஓட்டம் மாதிரியில் கிடைக்கிறது. ‘ஒரு பொருளுக்கு எத்தனை வாழ்க்கை?’ என்று கேட்க விரும்பினால் ரொசெட்டா கல் ஏற்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதன் முப்பரிமாண மாதிரியை 2017இல் பொதுவெளியில் வைத்தது. கல்லின் முகப்பில் இருக்கும் மூன்று எழுத்து வடிவங்களை எல்லோரும் அறிவார்கள். பக்கவாட்டுகளில், 1801இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்றும் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வழங்கியது என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் பாடம் தாலமி மன்னர்கள் எகிப்தை ஆண்ட காலத்திலிருந்து நவீன வரலாற்றுக்குத் தாவிவிடும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு பொருள் போதும். ஒப்பிடுவது நோக்கமென்றால் இரண்டு. அதற்குமேல் போனால் மாணவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டுப் புரட்டத் தொடங்குவார்கள்.

படி 2: ஆயத்த மாதிரி கிடைக்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலான பாடங்களுக்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. அமெரிக்காவின் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் தொடங்கிய திறந்த அணுக்கத் திட்டத்தில், படங்களோடு பல முப்பரிமாண மாதிரிகளையும் எந்தக் கட்டுப்பாடுமற்ற பொதுவுரிமையில் வெளியிட்டிருக்கிறது. முப்பரிமாண மாதிரிகளைப் பகிரும் ஸ்கெட்ச்ஃபாப் தளத்தில் பல அருங்காட்சியகங்களுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் துர்க்கானா ஏரிப் பகுதிக் கல்லாயுதங்களையும் புதைபடிவங்களையும் ஆப்பிரிக்கன் ஃபாசில்ஸ் என்ற தளத்தில் காணலாம்.

தேடும்போது அழகைவிடத் தகவலைப் பாருங்கள். அருங்காட்சியகத்தின் சேர்க்கை எண் (பொருளைப் பதிவு செய்யும்போது தரும் எண்) இருக்கிறதா? கண்டெடுத்த இடம், காலம், மூலப்பொருள் எழுதப்பட்டிருக்கிறதா? அளவு கொடுத்திருக்கிறார்களா? மாதிரியை உருவாக்கிய முறை என்ன, விடுபட்ட பகுதிகளைக் கையால் நிரப்பினார்களா? இவற்றில் பாதிக்கு மேல் பதில் இல்லாத மாதிரியை எடுக்காமல் இருப்பதே நல்லது. எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தாலும் அதை வைத்துத் தொல்லியல் செய்ய முடியாது, பார்த்து ரசிக்க மட்டுமே முடியும். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கற்பனையில் உருவாக்கிய ‘பழங்காலக் குடம்’ போன்றவையும் அதே தேடலில் வந்து விழும். சேர்க்கை எண்ணும் நிறுவனத்தின் பெயரும் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

உரிமத்தையும் வாசிக்க வேண்டும். பார்க்கலாம் என்பது வேறு, தரவிறக்கலாம் என்பது வேறு, மாற்றியமைத்து மறுபடி வெளியிடலாம் என்பது வேறு. சில உரிமங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில, நீங்கள் உருவாக்கும் வழிப்பொருளையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்லும்.

படி 3: நீங்களே எடுப்பதென்றால்

உள்ளூர்ச் சேகரிப்பிலுள்ள ஒரு பொருளை வகுப்புக்குக் கொண்டுவர விரும்பினால், அல்லது மாதிரி உருவாக்குவதையே பாடமாக்க விரும்பினால், போட்டோகிராமெட்ரிதான் எளிய வழி. ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் அதன் வடிவத்தைக் கணக்கிடும் முறை இது. சாதாரணக் கேமராவே போதும். நல்ல கைபேசியிலும் செய்யலாம். சில கைபேசிகளிலுள்ள, லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் லைடார் உணரி அறையையோ அகழாய்வுக் குழியையோ பதிவு செய்ய உதவும்; கையடக்கப் பொருளின் நுணுக்கம் அதற்குப் பிடிபடாது.

எழுத்துப்பூர்வ அனுமதி முதலில். பொருளைத் தொடுவதற்குப் பொறுப்பாளர் சொல்லும் முறையையே பின்பற்றுங்கள். பொதுவாக உலோகத்துக்கு நைட்ரில் கையுறை. மட்பாண்டத்துக்கும் கல்லுக்கும் பல இடங்களில் கழுவி உலர்த்திய வெறுங்கையே போதும் என்பார்கள், பிடி நழுவாது. மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மேசையில் மெத்தென்ற விரிப்பு இருக்கட்டும். பானையை விளிம்பில் பிடித்துத் தூக்கவே கூடாது.

ஒளி பரவலாக விழ வேண்டும், நிழல் கூர்மையாக இருக்கக் கூடாது. மேகமூட்டமான பகலின் சன்னலோர வெளிச்சம் அல்லது வெண்துணி வழியே வரும் விளக்கொளி நன்றாக வேலை செய்யும். கேமராவை முக்காலியில் வைத்து, எஃப் 8 முதல் எஃப் 11 வரையான துளை, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, மாறாத குவியம், மாறாத வெண்சமநிலை என்று எல்லாவற்றையும் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

பொருளைச் சுழல்மேடையில் வைத்து 10 முதல் 15 பாகைக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 24 முதல் 36 படங்கள் வரும். கேமராவின் உயரத்தை மாற்றி மூன்று சுற்று. பிறகு பொருளைக் கவிழ்த்து அதே மூன்று சுற்று. அடுத்தடுத்த படங்கள் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஒன்றோடொன்று மேற்படிய வேண்டும். சுழல்மேடையைப் பயன்படுத்தும்போது பின்னணி எந்த வடிவமும் இல்லாத ஒரே நிறமாக இருப்பது முக்கியம். பின்னணியில் புள்ளியோ கோடோ இருந்தால், பொருள் அசையவில்லை என்றே மென்பொருள் முடிவு செய்துவிடும்.

அளவுகோலும் வண்ண அட்டையும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். அளவுகோல் இல்லாத மாதிரிக்கு உருவம் உண்டு, பரிமாணம் இல்லை. மென்பொருளுக்கு அது மோதிரமா மலையா என்று தெரியாது. எடுத்து முடித்ததும் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் காலிப்பரால் (இரு தாடைகளுக்கிடையே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி) அளந்து எழுதி வையுங்கள். பின்னால் மாதிரியைச் சரிபார்க்க இந்த மூன்று எண்கள்தான் துணை.

கண்ணாடி, மெருகேற்றிய உலோகம், அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி போன்ற பளபளக்கும் பொருள்கள் இந்த முறைக்குப் பிடிகொடுக்காது. பளபளப்பு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் பொதுப் புள்ளிகள் பொய்யாகிவிடும். விளக்கிலும் லென்சிலும் முனைவாக்க வடிகட்டிகளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் பளபளப்பு பெருமளவு குறையும். பொறியியல் துறையில் செய்வதுபோல் மேற்பரப்பில் மாப்பொடித் தெளிப்பை அடிக்கும் எண்ணம் வேண்டாம். தொல்பொருள் மீது எதையும் தெளிக்கக் கூடாது. பழகுவதற்கு இன்றைய மண்பாண்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பும் நிறவேறுபாடும் உள்ள பொருள் நன்றாக வரும்.

படி 4: கணினியில்

மெஷ்ரூம் இலவசத் திறமூல மென்பொருள். மெட்டாஷேப், ரியாலிட்டிஸ்கேன் போன்றவையும் பரவலாகப் பயன்படுகின்றன. எதிலும் வரிசை ஒன்றுதான்: படங்களைப் பொருத்துதல், புள்ளித் திரள், முக்கோணங்களாலான வலை, அதன்மேல் படங்களிலிருந்து எடுத்த நிறப்பூச்சு. அளவுகோலின் இரு முனைகளையும் குறித்து உண்மை நீளத்தைக் கொடுத்தபின், காலிப்பரில் எடுத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். கையடக்கப் பொருளில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அளவுகோலைக் குறித்த இடம் பிசகியிருக்கலாம், திரும்பக் குறியுங்கள்.

இத்தாலியின் பீசா நகர ஆய்வுக்கூடத்தில் உருவான மெஷ்லாப், மாதிரியைச் சுத்தம் செய்யவும் அளக்கவும் போதுமானது. ஆப்பெழுத்துப் பலகைகளை முன்வைத்து ஹைடல்பெர்க்கில் உருவான கிகாமெஷ், மேற்பரப்பின் நுண்ணிய குழிவுகளைக் கணக்கிட்டு எழுத்தைத் துலங்கச் செய்யும்.

படி 5: வகுப்பின் சாதனங்களுக்கு ஏற்ப மாற்றுங்கள்

பல லட்சம் முக்கோணங்கள் கொண்ட மூலக் கோப்பு ஆய்வுக்கு உரியது. மாணவரின் கைபேசியில் அது திறக்காது, திறந்தால் திணறும். முக்கோணங்களை ஒரு லட்சத்துக்குள் குறைத்து, நுண்விவரத்தை நிறப்பூச்சிலும் மேடுபள்ளப் படத்திலும் ஏற்றி, ஜிஎல்பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். இணையம் நம்பகமற்ற இடமென்றால் கோப்புகளை முன்கூட்டியே கணினிகளில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கட்டாயம் இரண்டு பதிப்பு வேண்டும்: நிறத்தோடு ஒன்று, நிறமில்லாமல் சாம்பலாக ஒன்று. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது. கல்லாயுதத்தில் கல்லின் இயற்கையான நிறத்திட்டுகள் கண்ணை இழுத்து, சில்லுப் பள்ளங்களின் விளிம்பை மறைக்கின்றன. நிறத்தை நீக்கி ஒளியைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகச் செலுத்தினால் பள்ளங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். பானையில் இது தலைகீழ். சுட்ட விதத்தையும் கரியையும் காட்டுவது நிறம்தான்.

மாதிரியின் மேல் குறிப்புப் புள்ளிகளை ஒட்டும் வசதி பல பார்வைக் கருவிகளில் உண்டு. அதைப் பாடத்தின் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே ‘இது கைப்பிடி உடைந்த இடம்’ என்று ஒட்டி வைத்தால் மாணவர் குறிப்புகளை வாசிப்பார், பொருளை வாசிக்க மாட்டார்.

படி 6: வகுப்பில்

பெயரைச் சொல்லாதீர்கள். கோப்பின் பெயரிலும் ‘கைக்கோடரி’ என்றிருக்கக் கூடாது; ‘பொருள் 1’ என்று மாற்றிவிடுங்கள். இருவர் அல்லது மூவருக்கு ஒரு திரை. முதல் சில நிமிடம் பேச்சில்லாமல் பார்க்கட்டும். எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக அடியையும் உள்பக்கத்தையும், பார்த்தாக வேண்டும்.

அடுத்து வரையச் சொல்லுங்கள். திரைப்பிடிப்பு எடுத்தால் ஒரு நொடியில் முடிகிற வேலைக்கு எதற்குப் பென்சில் என்று கேட்பார்கள். எந்தக் கோட்டைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. தொல்லியலில் பானைகளை வரைய நிலைத்த மரபு உண்டு: நடுவில் செங்குத்துக் கோடு, ஒரு பக்கம் வெட்டுத்தோற்றமும் சுவரின் தடிமனும், மறுபக்கம் வெளித்தோற்றம். மாதிரியைக் கணினியில் நெடுக்காக வெட்டிக் காட்ட முடியும் என்பதால் இந்த மரபு ஏன் இப்படி உருவானது என்பது உடனே புரிகிறது.

பிறகு எழுத்து. தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்டது மட்டும், வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்தது. ‘அடியில் வட்டமான தேய்மானம்’ இடப்பக்கம். ‘அடிக்கடி தரையில் வைத்து எடுத்தார்கள்’ வலப்பக்கம். ‘சடங்குக்குரியது’ என்று இடப்பக்கத்தில் யாராவது எழுதினால் அதுவே அன்றைய வகுப்பின் சிறந்த விவாதமாகும். எந்தத் தடயம் அப்படிச் சொல்ல வைத்தது என்று மாதிரியில் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் மாதிரியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்ற விதியை வைத்தால் வாதங்கள் தாமாகவே கூர்மையாகும்.

படி 7: அளக்கச் செய்யுங்கள்

அளக்கும் முன் பார்வையைக் கட்டாயம் செங்குத்து வீழலுக்கு (ஆர்த்தோகிராஃபிக், அதாவது தொலைவால் அளவு மாறாத பார்வை) மாற்ற வேண்டும். வழக்கமான பார்வையில் அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் தெரியும். அந்தப் பார்வையில் திரையில் அளவுகோல் வைத்து எடுக்கும் எந்த எண்ணும் தவறாகவே இருக்கும்.

பானையோட்டிலிருந்து பாத்திரத்தின் வாய் விட்டத்தைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த பயிற்சி, கணக்கு வகுப்போடும் இணையும். வாய்விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி ஓட்டைத் திருப்பி, மேலிருந்து பாருங்கள். விளிம்பின் இரு முனைகளுக்கிடையே நேர்கோட்டுத் தூரம் நாண். அந்த நேர்கோட்டின் நடுவிலிருந்து வளைவு வரையான உயரம் இன்னோர் அளவு. நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். நாண் 8 செ.மீ., உயரம் 0.8 செ.மீ. என்றால் ஆரம் 10.4 செ.மீ.; பாத்திரத்தின் வாய் ஏறக்குறைய 21 செ.மீ. அகலம். உயரத்தை 0.1 செ.மீ. தவறாக அளந்தால் விடை எவ்வளவு மாறுகிறது என்றும் கணக்கிடச் சொல்லுங்கள். 0.7 என்று வைத்தால் விட்டம் 23 செ.மீ.ஐத் தாண்டிவிடும். சிறு துண்டிலிருந்து பெரிய முடிவுக்குப் போவதில் உள்ள நிச்சயமின்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முழுப் பாத்திரமானால் உட்புறத்தைத் தனியே மூடிய வடிவமாக்கிக் கொள்ளளவைக் கணக்கிடலாம். ஒருவருக்கான கலமா, பலர் பகிர்ந்த கலமா என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

படி 8: எடையையும் அளவையும் கைக்குத் திருப்பிக் கொடுங்கள்

திரையில் எல்லாப் பொருளும் ஒரே அளவுதான். மணியும் முதுமக்கள் தாழியும் ஒரே சட்டத்தை நிரப்பும். ஆகவே பொருளின் நிழலுருவை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு வெட்டி மேசையில் வையுங்கள். பலர் இந்த இடத்தில்தான் வியப்பார்கள்.

எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூடிய வலையின் கனஅளவை மெஷ்லாப் சொல்லிவிடும். குவார்ட்ஸ் வகைக் கற்களின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.6 கிராம். 200 கன செ.மீ. கைக்கோடரி என்றால் 520 கிராம். அரை லிட்டர் நீர்ப்புட்டி ஒன்றைக் கையில் கொடுங்கள்: இந்த எடையைத்தான் கையில் பிடித்து வேலை செய்தார்கள். இதைக் கொண்டு எவ்வளவு நேரம் மரத்தை வெட்ட முடியும் என்று கேளுங்கள்.

முப்பரிமாண அச்சு எடுக்க முடிந்தால் நல்லது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு அதுதான் பாடத்தின் வாசல், எனவே அவர் இருக்கும் வகுப்பில் அச்சு கட்டாயம். படலத் தடிமன் 0.1 மி.மீ. அளவில் இருந்தால் செதுக்கல் விளிம்புகள் விரலுக்குத் தட்டுப்படும். அச்சு உள்ளே வெற்றாக இருப்பதால் எடை குறைவாகவே இருக்கும். உள்ளே மணல் நிரப்பி அடைத்தால் உண்மை எடைக்கு அருகில் வரும். உடைந்த பாத்திரத்தின் துண்டுகளைத் தனித்தனியாக அச்சிட்டுப் பொருத்தச் சொல்வதும் நல்ல பயிற்சி. ஓரிரு துண்டுகளை வேண்டுமென்றே எடுத்து வைத்துவிடுங்கள். அகழாய்வில் எல்லாத் துண்டும் கிடைப்பதில்லை.

படி 9: பொருளை அதன் மண்ணில் வையுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற எல்லாமே கெட்டுவிடும் என்று நினைக்கிறேன். கறுப்பு வெளியில் தனியாகச் சுழலும் மாதிரிக்கு மண்ணடுக்கு இல்லை, பக்கத்தில் கிடந்த பொருள் இல்லை, கண்டெடுத்த ஆழம் இல்லை. சூழலிலிருந்து பிடுங்கப்பட்ட பொருள் எதையும் சொல்லாது என்பதுதான் தொல்லியலின் அடிப்படைப் பாடம். சிலைத் திருட்டும் புதையல் தேடலும் செய்வது அந்தப் பிடுங்கலையே. மாதிரியைத் தனியாகக் காட்டும்போது நாமும் அதையே கற்பித்துவிடுகிறோம்.

அதனால் பொருளைப் பற்றி மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபின், சூழலைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். முதலில் அடுக்கின் வெட்டுத்தோற்ற வரைபடம். பிறகு அதே அடுக்கில் கிடைத்தவற்றின் பட்டியல். கடைசியாகக் கரிமக் காலக்கணிப்பு. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் தங்கள் வலப்பக்க ஊகங்களை மாற்றலாம், ஆனால் அழிக்கக் கூடாது. கோடிட்டுப் பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். குவளை ஒன்று அடுப்படியில் கிடந்தால் ஒரு பொருள், ஈமக்குழியில் கிடந்தால் இன்னொரு பொருள். வடிவம் மாறவில்லை, விளக்கம் முழுதும் மாறிவிட்டது என்பதை அவர்கள் தங்கள் தாளிலேயே காண்பார்கள். அகழாய்வுக் குழிகளின் முப்பரிமாணப் பதிவுகளும் இப்போது வெளியிடப்படுகின்றன; உங்கள் பொருள் கிடைத்த குழியின் பதிவு கிடைத்தால் இந்தப் படி இன்னும் வலுப்பெறும்.

மாதிரி மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது என்பதையும் இங்கே பேசலாம். கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் மீட்கப்பட்ட வெண்கல இயந்திரம் 82 துண்டுகளாக எஞ்சியிருக்கிறது. அரிப்பேறிய அந்தத் துண்டுகளை வெளியிலிருந்து எவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்தாலும் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் தெரியாது. 2005இல் எக்ஸ்ரே ஊடுகதிர் வரைவியும், ஒளியின் திசையை மாற்றி மாற்றி மேற்பரப்பைப் பதியும் முறையும் சேர்ந்து பயன்பட்டபோதுதான் மறைந்திருந்த எழுத்துகளும் சக்கர அமைப்பும் தெளிவாயின. எந்தக் கேள்விக்கு எந்தப் பதிவுமுறை என்று யோசிப்பதும் தொல்லியல் பயிற்சிதான்.

படி 10: நிரப்பியதை மறைக்காதீர்கள்

ஸ்கேனில் விடுபட்ட இடங்களை மென்பொருள் மழுங்கலாக மூடிவிடும். உடைந்த மூக்கை யாரோ மாதிரியில் புதிதாகச் செதுக்கியிருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் உண்மைபோலவே தெரியும். 2006இல் தொடங்கி 2009இல் திருத்தி வெளியிடப்பட்ட லண்டன் சாசனம், பண்பாட்டு மரபின் கணினிக் காட்சிகளில் எது சான்று, எது ஊகம், ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. வகுப்பில் இதைச் செய்வது எளிது. ஊகித்துச் சேர்த்த பகுதிக்கு வேறு நிறம் கொடுங்கள். மாணவர்களே ஒரு பாத்திரத்தின் விடுபட்ட பாதியை உருவாக்கட்டும். ஒரே துண்டிலிருந்து இரண்டு குழுக்கள் இரண்டு வடிவங்களோடு வருவார்கள்.

படி 11: யாருடைய பொருள் என்று கேளுங்கள்

மனித எலும்புகளையும் ஒரு சமூகம் புனிதமாகக் கருதும் பொருள்களையும், தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது என்பதற்காகவே மாதிரியாக்கிப் பரப்பக் கூடாது. அந்தச் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும். 2019இல் வெளியான கேர் கொள்கைகள், பூர்வகுடித் தரவுகளில் அம்மக்களின் கூட்டு நன்மையையும் கட்டுப்பாட்டு உரிமையையும் முன்வைக்கின்றன. நல்ல முன்மாதிரி உண்டு. அலாஸ்காவின் திலிங்கிட் மக்களின் ஒரு குலத்துக்குரிய ஓர்க்கா திமிங்கிலத் தொப்பியை ஸ்மித்சோனியன் 2005இல் திருப்பி அளித்தது. பின்னர் அந்தக் குலத்தின் ஒத்துழைப்போடு அதை ஸ்கேன் செய்து, கல்விக்காக ஒரு படியை உருவாக்கினார்கள். மூலம் உரியவரிடம், படி அருங்காட்சியகத்தில்.

எதிர்த்திசையில் ஒரு விவாதப் பொருள்: 1912இல் எகிப்தின் அமர்னாவில் கண்டெடுக்கப்பட்டு இன்று பெர்லினில் இருக்கும் நெஃபெர்டிட்டி சிலை. அதன் அதிகாரப்பூர்வ ஸ்கேன் கோப்பு, பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2019இல்தான் பொதுவெளிக்கு வந்தது. பொதுச் சொத்தான பழம்பொருளின் மாதிரிக்கு யார் உரிமையாளர் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் சொல்லலாம்.

நீங்களே வெளியிடும் மாதிரியில், பாதுகாப்பில்லாத இடத்திலிருந்து வந்த பொருளுக்குத் துல்லியமான இருப்பிடத்தைக் குறிப்பிடாதீர்கள். தோண்டித் திருடுபவர்களும் வாசிப்பார்கள்.

படி 12: மதிப்பிடுதலும் சேமித்தலும்

‘இது எந்தக் காலத்தைச் சேர்ந்தது?’ என்ற வகைக் கேள்வியால் இந்தப் பாடத்தைச் சோதிக்க முடியாது. மாணவர் இதுவரை பார்க்காத ஒரு மாதிரியைக் கொடுத்து, கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எந்தத் தகவல் கூடுதலாகக் கிடைத்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வார் என்று ஒரு பத்தி எழுதட்டும். அந்தப் பத்திக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

சேமிப்பில் ஒரே எச்சரிக்கை: எந்தத் தளத்தையும் ஒரே இருப்பிடமாக நம்பாதீர்கள். கூகுள் நிறுவனத்தின் பாலி தளம் 2021இல் மூடப்பட்டபோது அதிலிருந்த மாதிரிகளின் இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. உரிமம் அனுமதித்தால் கோப்பைத் தரவிறக்கி, சேர்க்கை எண், உரிமம், உருவாக்கியவர், எடுத்த நாள், அளவு ஆகியவற்றை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி உடன் வையுங்கள். நீங்களே எடுத்ததென்றால் மூலப் படங்கள் அத்தனையையும், காலிப்பர் அளவுகளோடு, இரண்டு தனித்தனி இடங்களில் வைத்திருங்கள். மென்பொருள்கள் மேம்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அதே படங்களிலிருந்து சில ஆண்டுகள் கழித்து இன்னும் துல்லியமான மாதிரி வரும், பொருளை மறுபடி தொடாமலேயே.